சமத்துவத்துக்காகவும் பிறருக்கு உதவவும் வாழ்ந்து, இளம் வயதிலேயே மறைந்த ஒருவரை நினைவுகூரச் சொன்னால் யாரைச் சொல்வீர்கள்?

என்கோசி ஜான்சன். தென்னாப்பிரிக்கச் சிறுவன். 1989 பிப்ரவரியில் பிறந்து, 2001 ஜூன் 1 அன்று 12 வயதில் இறந்துபோனான்.

அவனைத் தெரிந்தவர்களுக்குச் சட்டென்று நினைவுக்கு வருவது, கோட்டு சூட்டு போட்டு மைக்கைப் பிடித்து நிற்கும் மெலிந்த பையனின் உருவம்தான். பார்த்தால் 'ஐயோ பாவம்' என்றுதான் தோன்றும். எனக்கு அவனை அப்படி நினைவில் வைத்துக்கொள்ள மனம் வருவதில்லை. பள்ளியில் இடம் கொடுங்கள், கர்ப்பிணிகளுக்கு மருந்து கொடுங்கள், தாயையும் பிள்ளையையும் பிரிக்காமல் ஒரு வீடு கொடுங்கள் என்று தெளிவாகக் கேட்டவன் அவன்.

பிறவியிலேயே எச்.ஐ.வி. தொற்று. தாய் டாஃப்னிக்கும் தொற்று இருந்தது. அக்கம்பக்கத்தில் தெரிந்தால் இருவரையும் விரட்டிவிடுவார்களோ என்ற பயத்திலேயே அவர் வாழ்ந்தார். ஜோஹனஸ்பர்க்கில் எய்ட்ஸ் நோயாளிகளுக்கான பராமரிப்பு மையம் ஒன்றில் பிள்ளையைச் சேர்த்தார். பணமில்லாமல் அந்த மையமும் மூடப்பட்டபோது, அங்கே பணியாற்றிய கெயில் ஜான்சன் அவனைத் தன் வீட்டுக்கு அழைத்துப் போய் வளர்த்தார். நிறவெறிச் சட்டங்கள் அப்போதுதான் ஒவ்வொன்றாக நீக்கப்பட்டுக்கொண்டிருந்தன. வெள்ளைக்காரப் பெண் ஒருவர் கறுப்பினக் குழந்தைக்கு அம்மாவாக இருப்பது அங்கே சாதாரண விஷயம் இல்லை.

1997-ல் பள்ளிச் சேர்க்கைப் படிவத்தில், பிள்ளைக்கு ஏதாவது நோய் உண்டா என்று ஒரு கேள்வி. கெயில் மறைக்காமல் எய்ட்ஸ் என்று எழுதினார். மறைத்திருந்தால் அவன் சத்தமில்லாமல் சேர்ந்திருக்கலாம். ஆனால் அடுத்து வரும் பிள்ளைக்கும் அதே பயம் இருந்திருக்கும். பெற்றோரும் ஆசிரியர்களும் கூடிப் பேசினார்கள். பாதிப் பேர் சரி என்றார்கள், பாதிப் பேர் கூடாது என்றார்கள். செய்தி நாடு முழுக்கப் பரவியது. பெற்றோருக்கும் ஆசிரியர்களுக்கும் பயம் போக்கும் வகுப்புகள் நடந்தன, அப்புறம் அவனுக்கு இடம் கிடைத்தது. பெற்ற தாய் டாஃப்னி அதே ஆண்டு, அவன் பள்ளிக்குப் போகத் தொடங்குவதற்குச் சற்று முன்பு, காலமானார். தொற்றுள்ள குழந்தைகளைப் பள்ளிகள் ஒதுக்கக் கூடாது என்ற தேசியக் கொள்கை 1999-ல் வெளியானது.

2000 ஜூலையில், தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் நடந்த சர்வதேச எய்ட்ஸ் மாநாட்டின் தொடக்க விழாவில் ஆயிரக்கணக்கானோர் முன்னால் பேசினான். வயது 11. அந்தப் பேச்சின் எழுத்து வடிவத்தைப் பலமுறை படித்திருக்கிறேன். எல்லோரும் மேற்கோள் காட்டுவது, எங்களுக்கும் கையும் காலும் இருக்கின்றன, நாமெல்லாம் ஒன்றுதான் என்று அவன் சொல்லும் கடைசிப் பகுதியை. என்னை அதிகம் உலுக்குவது அதற்கு முன்னால் வரும் பகுதி. கைவிடப்பட்டு அவனிடமும் கெயிலிடமும் வந்து சேர்ந்த ஒரு கைக்குழந்தை மூச்சுவிட முடியாமல், சாப்பிட முடியாமல் இறந்ததைச் சொல்லிவிட்டு, தொற்றுள்ள கர்ப்பிணிகளுக்கு, அது குழந்தைக்குப் பரவுவதைக் குறைக்கும் ஏ.இசட்.டி. மருந்தை அரசு கொடுக்க வேண்டும் என்று நேரடியாகக் கேட்கிறான்.

அது குழந்தைத்தனமான ஆசை இல்லை. மருந்தே இல்லாவிட்டால் தொற்றுள்ள தாய்மாருக்குப் பிறக்கும் 100 குழந்தைகளில் 15 முதல் 45 பேருக்குத் தொற்று வரும். ஏ.இசட்.டி. அதை மூன்றில் ஒரு பங்காகக் குறைக்கும் என்று 1994-லேயே ஆய்வு காட்டிவிட்டது. ஆனால் அந்நாட்டு அதிபர் தாபோ மெபேக்கி, எய்ட்ஸுக்குக் காரணம் எச்.ஐ.வி.தானா என்றே சந்தேகம் கிளப்பிக்கொண்டிருந்தார். 2002 ஜூலையில், தாயிடமிருந்து குழந்தைக்குப் பரவாமல் தடுக்கும் நெவிரபின் மருந்தை அரசு மருத்துவமனைகளில் கொடுக்க வேண்டும் என்று அரசியல் சாசன நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வழக்கை நடத்தியது 'ட்ரீட்மென்ட் ஆக்‌ஷன் கேம்பெய்ன்' என்ற இயக்கம், வெற்றி அவர்களுடையது. ஆனால் அதே கோரிக்கையை உலகத்தின் முன்னால் வைத்தவர்களில் இந்தப் பையனும் ஒருவன். தீர்ப்பு வந்தபோது அவன் இறந்து ஓராண்டு ஆகியிருந்தது.

2005-ல் முதல் சர்வதேசக் குழந்தைகள் அமைதிப் பரிசு அவனுக்கு, இறந்த பிறகு கொடுக்கப்பட்டது. மலாலா 2013-ல் வாங்கியதும் இதே பரிசுதான்.

பரிசைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது, 1999-ல் அவனும் கெயிலும் சேர்ந்து ஜோஹனஸ்பர்க்கில் தொடங்கிய 'என்கோசிஸ் ஹேவன்'. தொற்றுள்ள தாய்மார் தங்கள் பிள்ளைகளோடு சேர்ந்தே தங்கும் இல்லம் அது. தன் அம்மாவைப் பிரிந்து வளர்ந்தவன், மற்றவர்களுக்கு அந்தப் பிரிவு வரக் கூடாது என்று நினைத்தான். டர்பன் பேச்சிலும் இந்த இல்லத்தைப் பற்றிப் பேசினான்.

டர்பன் பேச்சு சில நிமிடங்களில் படித்துவிடக்கூடியது. வீட்டில் பத்துப் பதினொரு வயதுப் பிள்ளைகள் இருந்தால், அவர்களோடு உட்கார்ந்து முழுதாகப் படியுங்கள்.