இரண்டு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட ஸ்காண்டிநேவிய இசையை எந்தப் படைப்பிலிருந்து கேட்கத் தொடங்கலாம்?

டென்மார்க்கின் கார்ல் நீல்சன் எழுதிய ஐந்தாவது சிம்பொனியில் (பெரிய இசைக்குழுவுக்கான நீண்ட படைப்பு) தொடங்குங்கள். 1922 ஜனவரி 24 அன்று கோபன்ஹேகனில் அவரே இசைக்குழுவை நடத்தி அரங்கேற்றியது. சுமார் 35 நிமிடம், இரண்டே பாகங்கள்.

வியோலாக்கள் (வயலினைவிடச் சற்றுப் பெரிய தந்திக் கருவிகள்) இரண்டு சுரங்களுக்கு இடையே மெல்ல ஊசலாடுவதுதான் தொடக்கம். அது மிகச் சன்னமாக ஒலிக்கும். கேட்கவில்லையே என்று சத்தத்தைக் கூட்டினால், பின்னால் ஸ்நேர் டிரம் (குச்சியால் அடிக்கும், படபடவென்று ஒலிக்கும் சிறு முரசு) வரும்போது காது வலிக்கும். தொடக்கம் சற்றுத் தணிவாகவே இருக்கட்டும், ஹெட்ஃபோன் நல்லது. இந்த சிம்பொனியைச் சில பதிவுகளில் இரண்டு டிராக்குகளாகவும், சிலவற்றில் ஆறாகவும் பிரித்திருப்பார்கள். டிராக்குகள் வரிசை மாறாமல், நடுவில் இடைவெளி விழாமல் ஓடுகின்றனவா என்று முதலிலேயே பார்த்துவிடுங்கள்.

முதல் பாகத்தின் பிற்பகுதியில் வேகம் குறைந்து, தந்திக் கருவிகள் அகலமான ஒரு மெட்டை விரிக்கும். இந்தச் சிம்பொனியின் உயிர் இங்கேதான். ஸ்நேர் டிரம் குறுக்கே புகுந்து, குழுவின் காலப்பிரமாணத்தை விட்டுவிட்டுத் தன் சொந்த வேகத்தில் அடிக்கத் தொடங்கும். பிறகு தோன்றியபடி வாசித்து இசையை நிறுத்தப் பார்க்கும். அப்படித்தான் வாசிக்க வேண்டும் என்று நீல்சன் எழுதியே வைத்திருக்கிறார். டிரம் வாசிப்பவர் பழக்கதோஷத்தில் இசைக்குழுவை நடத்துபவரின் கையைப் பார்த்து வாசித்தால், மோதல் வெறும் தாள அலங்காரமாகிவிடும். மெட்டை மூழ்கடிக்கும் அளவுக்கு டிரம் ஓங்கிவிட்டாலும் பயனில்லை, எதிர்த்து நிற்கும் மெட்டும் கேட்டாக வேண்டும். கடைசியில் மெட்டே வெல்லும். தனிக் கிளாரினெட்டும், மேடைக்கு வெளியிலிருந்து தேய்ந்து மறையும் டிரம்முமாகப் பாகம் முடியும். அமெரிக்க இசை நடத்துநர் லெனார்ட் பெர்ன்ஸ்டைன் நியூயார்க் பில்ஹார்மோனிக் இசைக்குழுவோடு 1962-இல் செய்த பதிவு, இந்தப் படைப்பைப் பலருக்கும் அறிமுகப்படுத்தியது.

1924 ஜனவரியில் ஸ்டாக்ஹோமில் இதை வாசித்தபோது பலர் பாதியிலேயே எழுந்து போய்விட்டார்கள். அதே நகரில் மார்ச் 24 அன்று பின்லாந்தின் சிபேலியஸ் தம் ஏழாவது சிம்பொனியை அரங்கேற்றினார். அடுத்து அதைக் கேளுங்கள்: ஒரே பாகம், இருபது நிமிடத்துக்குச் சற்று மேல். டிராம்போன் (நீளும் குழாய் கொண்ட பித்தளை ஊதுகருவி) மெட்டு மூன்று முறை வரும். அதைப் பிடித்துக்கொண்டால் வழி தவறாது.

சுவீடனின் கர்ட் அட்டர்பெர்க் எழுதிய ஆறாவது சிம்பொனி 1928-இல் கொலம்பியா இசைத்தட்டு நிறுவனத்தின் 10,000 டாலர் பரிசை வென்றது. அதனால் ‘டாலர் சிம்பொனி’ என்றே பெயர். காதுக்கு இதமானது, ஆனால் நீல்சனின் ஆழம் இதில் இல்லை.

நார்வேயின் ஃபார்டைன் வாலனை வேறொரு நாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள். அவருடைய ‘கடலோரக் கல்லறைத் தோட்டம்’ சிறிய படைப்புதான். ஆனால் காது திரும்பி வந்து இளைப்பாற ஆதார சுரம் என்று அதில் எதுவும் இல்லை. பின்னிப் போகும் மெட்டுகளில் ஒன்றை மட்டும் பின்தொடர்ந்து ஒருமுறை, மற்றொன்றைப் பின்தொடர்ந்து இன்னொரு முறை என்று கேட்டால் பிடிபடும்.