தை முடியுது, தோட்டத்தில் என்ன செய்ய? அக்காவிடம் கேட்டவை

காலையில் பனி இறங்குகிறது, பதினொரு மணிக்கு வெயில் முதுகைச் சுடுகிறது. காரிமங்கலம் பக்கம் பல வருடமாக வீட்டுத்தோட்டம் போடும் அக்காவிடம் தருமபுரி, கிருஷ்ணகிரிக்காரர்கள் கேட்டதும் அவர் சொன்னதும்.

தளி: அக்கா, வெண்டை, சுரை விதையை இப்பவே ஊன்றலாமா? ஊத்தங்கரையில் மாமா வீட்டில் முளைச்சே போச்சாம்.

மாமா பேச்சைக் கேட்டு தளியில் ஊன்றாதீங்க. உங்களது ஓசூர் மாதிரி 900 மீட்டரை ஒட்டின மேடு, ஊத்தங்கரை நல்ல பள்ளம். வெண்டைக்கு மண்ணில் சூடு வேணும்; குளிர்ந்த மண்ணில் தண்ணியும் ஊத்தினா விதை அழுகிடும். காலை ஏழு மணிக்கு விரலை ரெண்டு கணு ஆழம் மண்ணில் விட்டுப் பாருங்க. சில்லுன்னு இருந்தா இன்னும் பத்து நாள் பொறுங்க. பாகல், பீர்க்குக்குத் தோல் கெட்டி, ராத்திரி ஊறவைங்க. குழிக்கு மூணு விதை போட்டு, முளைச்சதும் நல்லதா ரெண்டை விட்டுட்டு மிச்சத்தைக் கிள்ளிடுங்க.

ஓசூர், மொட்டை மாடி: கொத்தமல்லி இலை நூல்நூலா வருது. என்ன உரம் போடணும்?

எதுவும் வேண்டாம். அது பூ விடக் கிளம்பிடுச்சு, உரம் போட்டாலும் பழைய இலை திரும்பாது. நாலு செடியை மட்டும் பூக்க விடுங்க, தேனீ வரும், தனியாவும் கிடைக்கும். மிச்சத்தை இன்னிக்கே ரசத்தில் போட்டுடுங்க. புதுசா விதைக்கும்போது தனியாவை லேசாத் தேய்ச்சு ரெண்டா உடைக்கணும். உடைக்கத்தான் சொன்னேன், பொடியாக்க இல்லை. பன்னிரண்டு மணி நேரம் ஊறவெச்சு, மதிய வெயில் படாத இடத்தில் தூவுங்க. முளைக்க எட்டுல இருந்து பதினைஞ்சு நாள் ஆகும். பத்தாம் நாள் பொறுமை இழந்து கிளறினவங்களில் நானும் ஒருத்தி.

பாப்பாரப்பட்டி: பந்தல் அவரையில் கறுப்பா பேன் அப்பியிருக்கு, எறும்பும் ஏறுது. கொடியைப் பிடுங்கிடவா?

எறும்பு அவரைக்காக வரலை. நீங்க சொன்ன பேன், அதாவது அசுவினி, கழிக்கிற இனிப்புத் தண்ணிக்கு வருது. அப்பின நுனியைக் கிள்ளி சோப்புத் தண்ணியில் போடுங்க. ஒரு லிட்டர் தண்ணிக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், அது கலங்குற அளவுக்குச் சோப்புக் கரைசல், சாயங்காலம் இலைக்கு அடியில் படுற மாதிரி தெளிங்க. பறிச்ச காயை நல்லாக் கழுவிக்குங்க.

ஆனா ஆடியில் போட்ட நாட்டு அவரைக்கு இது கடைசிக் காலம். பகல் நீள நீள பூ குறைஞ்சுடும். அதனால மருந்துக்கு ரொம்ப மெனக்கெடாதீங்க. கொடி நடுவில் திரண்ட காயா பத்துப் பதினைஞ்சை விதைக்கு விட்டு, செடியிலேயே காய்ஞ்சதும் எடுத்து, சாம்பல் புரட்டி வைங்க. அப்புறம் கொடியை அடியோட அறுங்க, வேரைப் பிடுங்காதீங்க. அவரை வேர் முடிச்சில் தழைச்சத்து இருக்கு. அந்தக் குழியிலேயே அடுத்து புடலை போடலாம்.

பாலக்கோடு: கறிவேப்பிலையைக் கவாத்து பண்ணலாமா, கிளையை வெட்டிவிடலாமா?

பண்ணலாம், இதுதான் நேரம். குளிரில் தூங்கின செடி துளிர்க்கப் போகுது. பூங்கொத்து தெரிஞ்சா கிள்ளுங்க, இலைதானே வேணும்? முருங்கையில் மட்டும் கை வைக்காதீங்க, பூக்கிற மரத்தை வெட்டினா காய் போச்சு.

கிருஷ்ணகிரி: தோட்டத்து ஓரம் பெங்களூரா மாமரம், பூ நிறைய. புதினாவுக்கு விடுற தண்ணி அதுக்கும் போகுது, பரவாயில்லையா?

புதினா வாய்க்காலைத் திருப்பிடுங்க. பிஞ்சு பட்டாணி அளவு ஆகட்டும், அப்புறம் தண்ணி காட்டலாம். புதினாவைத் தரையோட ஒட்ட அறுத்து, ரெண்டு கை மக்கின எரு தூவினாப் போதும்.

பென்னாகரம்: தொட்டி ஓரம் வெள்ளையா உப்பு பூத்திருக்கே?

போர் தண்ணி. மேல் மண்ணை ஒரு அங்குலம் சுரண்டிட்டு புது எரு போடுங்க, மேலே மண்ணை மூட ராகி வைக்கோல். தினம் கொஞ்சம் கொஞ்சமாத் தெளிக்காம, அடித்துளையில் வடியுற வரைக்கும் ஊத்துங்க. உப்பு கீழ இறங்கிடும்.