மூன்றாவது மெட்ரோ நிலையத்தில் ஒரு கல்லூரி

தீபாவளி முடிந்த வாரம் டில்லி மயூர் விகாரிலிருந்து ஒரு குடும்பம் என்னைப் பார்க்க வந்தது. அப்பா மத்திய அரசு ஊழியர், ஓய்வுபெற இன்னும் ஏழு வருஷம். மகன் பன்னிரண்டாம் வகுப்பு. கணக்கு நன்றாக வரும், வேதியியல் தடுமாற்றம். பெண் ஒன்பதாவது படிக்கிறாள். கோயம்புத்தூரில் இருக்கும் தாய்மாமன் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட்டுக்குப் பேசி வைத்துவிட்டார். ஹாஸ்டலும் சேர்த்து நான்கு வருஷத்துக்கு 18 லட்சம். முன்பணம் கட்ட இரண்டு வாரம் கெடு. "இப்ப விட்டா சீட் போயிடுமாம் சார், கட்டிடலாமா?" என்று அந்த அம்மா கேட்டபோது அவர் கண் கலங்கியிருந்தது.

அம்மா, அன்றைக்கு உங்களுக்கு ஆறுதல் சொல்லித்தான் அனுப்பினேன். ஆறுதல் போதாது என்று பிறகு பட்டது. கட்டாதீர்கள் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

உங்கள் அண்ணன் நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார். ஆனால் அந்தப் படிப்பை அவர் படிக்கப்போவதில்லை. நீங்கள் கட்டப்போகும் பணம் உங்கள் வீட்டுக்காரர் இருபத்தைந்து வருஷமாகச் சேர்த்த சேமநிதி. அதில் மகளுக்கும் பங்கு உண்டு, உங்கள் இருவரின் முதுமைக்கும் பங்கு உண்டு. பையன் விரும்பிக் கேட்காத ஒரு சீட்டுக்காக அதை உடைப்பதை என்னால் ஏற்க முடியாது. இரண்டு வாரக் கெடு வைத்துப் பணம் கேட்கும் இடத்தில் நிதானமாக யோசிக்கவும் விட மாட்டார்கள்.

பொறியியல் கவுன்சலிங், பி.காம்., சி.ஏ. பற்றி உங்களுக்கு எல்லோரும் சொல்லியிருப்பார்கள், அதை விடுகிறேன். உங்கள் மகன் அன்று காட்டிய நோட்டுப் புத்தகத்துக்கு வருகிறேன். நீங்கள் அதைப் 'படிக்காம சுத்தறான்' என்பதற்குச் சாட்சியாகக் கொண்டுவந்தீர்கள். மயூர் விகார் மெட்ரோ வாசலில் காலை எட்டிலிருந்து ஒன்பது வரை எத்தனை ஈ-ரிக்‌ஷா வருகிறது, எத்தனை பேர் நடந்து வருகிறார்கள், நடைபாதையில் டிரான்ஸ்ஃபார்மர் அடைத்துக்கொள்வதால் எந்த இடத்தில் சாலையில் இறங்குகிறார்கள் என்று மூன்று ஞாயிறு, மூன்று திங்கள் எண்ணி, வரைபடமும் போட்டிருக்கிறான். யாரும் சொல்லிக்கொடுக்காமல் செய்திருக்கிறான். நகரத் திட்டமிடல் படிக்கும் மாணவர்களுக்குக் கொடுக்கும் களஆய்வு இதுதான்.

அதற்கென்றே நான்கு வருஷப் பட்டம் இருக்கிறது: பி.பிளான். உங்கள் வீட்டிலிருந்து ப்ளூ லைனில் ஏறினால் அக்‌ஷர்தாம், யமுனா பேங்க், மூன்றாவது இந்திரப்பிரஸ்தா. அந்த இந்திரப்பிரஸ்தா எஸ்டேட்டில்தான் ஸ்கூல் ஆஃப் பிளானிங் அண்ட் ஆர்கிடெக்சர் இருக்கிறது. மத்திய அரசு நிறுவனம். 2014-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தேசிய முக்கியத்துவம் பெற்றது. நீங்கள் குடியிருக்கும் டி.டி.ஏ. ஃபிளாட்டும் ஒரு திட்டத்தில் பிறந்ததுதான். டி.டி.ஏ. என்கிற டில்லி வளர்ச்சி ஆணையம் 1957-இல் வந்தது, நகரின் முதல் மாஸ்டர் பிளான் 1962-இல். எந்த நிலம் வீட்டுக்கு, எது கடைக்கு, எங்கே பள்ளி, மழைநீர் எந்த வழியாகப் போகும் என்று தீர்மானிக்கிற வேலை இது. மின்டோ பாலத்தடியில் மழைக்காலத்தில் பஸ் மூழ்கும்போதெல்லாம் இந்த வேலையின் அருமை தெரியும்.

ஜே.இ.இ. மெயின் நுழைவுத்தேர்வு என்றால் பி.டெக். மட்டும்தான் என்று பலர் நினைக்கிறார்கள். அதில் தாள் 2பி என்று ஒன்று உண்டு, பி.பிளானுக்காகவே. விண்ணப்பத்தில் அதைத் தேர்வு செய்ய வேண்டும், அவ்வளவுதான். கணக்கு, பொது நுண்ணறிவு, திட்டமிடல் சார்ந்த கேள்விகள் என்று மூன்று பகுதி. வேதியியல் இல்லை, இயற்பியல் இல்லை. கட்டிடக்கலைக்கான பி.ஆர்க். தாளில் வரும் ஓவியமும் இதில் இல்லை. பன்னிரண்டாவதில் கணக்கு படித்திருக்க வேண்டும் என்பதே முக்கியத் தகுதி. கணக்கு எடுத்த காமர்ஸ் பிள்ளைகளும் எழுதலாம், அது அவர்களில் பலருக்குத் தெரிவதில்லை. சேர்க்கை ஜோசா வழியாக, அதாவது ஐ.ஐ.டி., என்.ஐ.டி. சீட்டுகளுக்கு நடக்கும் அதே பொதுக் கலந்தாய்வு. டில்லி கிடைக்காவிட்டால் போபாலிலும் விஜயவாடாவிலும் 2008-இல் தொடங்கிய இதே வகை மத்திய நிறுவனங்கள் இருக்கின்றன. போபால் என்.ஐ.டி.யான மானிட்டிலும் பி.பிளான் உண்டு.

உள்ளே போனால் புத்தகப் படிப்பு மட்டும் இல்லை. ஒரு பேட்டைக்கோ சிற்றூருக்கோ குழுவாகப் போய் வீடு வீடாகக் கேட்டு, கணக்கெடுத்து, கணினியில் வரைபடமாக்கி, ஆசிரியர்கள் முன்னால் நின்று வாதாட வேண்டும். போக்குவரத்து, வீட்டுவசதி, நிலச் சட்டம், பொருளாதாரம், புள்ளியியல் எல்லாம் வரும். இரவு கண்விழிக்கும் வேலை அதிகம், சொல்லிவிடுகிறேன்.

வேலை கிடைக்குமா? 2021-இல் மத்திய அரசின் ஆலோசனை அமைப்பான நிதி ஆயோக் வெளியிட்ட அறிக்கையின்படி, மாநில நகரமைப்புத் துறைகளுக்கு 12,000-க்கும் மேற்பட்ட திட்டமிடுநர்கள் தேவை. அனுமதிக்கப்பட்ட பணியிடங்கள் 3,945, அதிலும் ஏறக்குறையப் பாதி காலி. இதை வைத்து நாளைக்கே அரசு வேலை என்று நான் சொல்ல மாட்டேன். காலியிடத்தை நிரப்ப அரசுகள் தாமதிக்கும், சில மாநிலங்களில் இந்தப் பட்டத்தையே கட்டாயமாகக் கேட்பதில்லை. ஆலோசனை நிறுவனங்களில் தொடக்கச் சம்பளம் ஐ.டி. வேலையளவு இருக்காது. ஆனால் டி.டி.ஏ. திட்டமிடுநர்களை எடுக்கிறது, மெட்ரோ நிறுவனங்களுக்கும் வேண்டும். தமிழ்நாட்டில் நகர் ஊரமைப்பு உதவி இயக்குநர் பணிக்கு டி.என்.பி.எஸ்.சி. ஆள் எடுக்கிறது. அங்கே பத்தாம் வகுப்புத் தரத்தில் தமிழ்த் தகுதித்தாள் உண்டு. பத்தாவது வரை டில்லித் தமிழ்க் கல்விக் கழகப் பள்ளியில் தமிழ் படித்த உங்கள் பையன் அதற்குப் பயப்பட வேண்டியதில்லை.

செலவை ஒரு செமஸ்டரை வைத்துப் பார்க்காதீர்கள். எட்டு செமஸ்டருக்கும் கல்விக் கட்டணம், மெட்ரோ பாஸ், லேப்டாப், களப்பயணம் எல்லாம் எழுதிக் கூட்டுங்கள். வீட்டிலிருந்து போனால் ஹாஸ்டலும் மெஸ்ஸும் மிச்சம். கடன் தேவைப்பட்டால் 2024-இல் வந்த பி.எம். வித்யாலட்சுமி திட்டத்தைக் கேளுங்கள். குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் இருந்தால் 10 லட்சம் வரையான கடனுக்கு வட்டியில் 3 சதவீதம் சலுகை. 'ஸ்மார்ட் சிட்டி' என்று பெயர் வைத்துப் பல லட்சம் கேட்கும் தனியார் படிப்பு ஏதாவது கண்ணில் பட்டால், தொழில்நுட்பக் கல்விக்கான அகில இந்தியக் குழுவின் (ஏ.ஐ.சி.டி.இ.) அனுமதியும், இந்திய நகரத் திட்டமிடுநர் கழகத்தின் அங்கீகாரமும் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள்.

அண்ணனிடம் என்ன சொல்வது என்று கேட்டீர்கள். 'பணம் கட்டவில்லை, பையன் ஒரு பரீட்சை எழுதுகிறான்' என்று மட்டும் சொல்லுங்கள். சண்டை வேண்டாம், விளக்கமும் வேண்டாம். அவர் விடாமல் கேட்டால் என் நம்பரைக் கொடுங்கள், நான் பேசிக்கொள்கிறேன்.

இந்த வாரம் ஒரு வேலை நாளில் அப்பாவும் பிள்ளையும் அந்தக் கல்லூரி வாசல் வரை போய், வெளியே டீக்கடையில் நிற்கும் மாணவர்களிடம் பேசிவிட்டு வரட்டும். நோட்டுப் புத்தகத்தை அவன் கையோடு கொண்டு போகட்டும். விண்ணப்பம் போடும்போது 2பி-ஐத் தேர்ந்தெடுத்திருக்கிறானா என்று பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள்.