பன்றிக்குப் பசி போதவில்லையா?

கேள்வி: தீனி போட்டே எலியையும் புறாவையும் எதற்கும் பழக்கலாம் என்று அமெரிக்க உளவியலாளர் ஸ்கின்னர் நிரூபித்துவிட்டார். என் மகன் படிக்க மறுக்கிறான் என்றால் பரிசு போதவில்லை என்றுதானே பொருள்? கூட்டிக் கொடுத்தால் வழிக்கு வராமலா போவான்?
– ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: ஸ்கின்னரோடு நிறுத்திவிட்டீர்கள். கம்பியை அழுத்தினால் தீனி விழும் என்றால் எலி மறுபடி அழுத்தும். எத்தனையாவது அழுத்தலுக்கு விழும் என்று தெரியாமல் வைத்தால் இன்னும் விடாப்பிடியாக அழுத்தும். (சூதாட்ட இயந்திரம் பிழைப்பு நடத்துவது இதை வைத்துத்தான்.) இதிலெல்லாம் தகராறு இல்லை. 'எதற்கும்' என்கிறீர்களே, அங்கேதான் இடிக்கிறது.

ஸ்கின்னரிடம் படித்த கெல்லர் பிரிலண்ட், மரியன் பிரிலண்ட் தம்பதி, இந்த முறையையே தொழிலாக்கி, வேடிக்கை காட்டவும் விளம்பரத்துக்கும் விலங்குகளைப் பழக்கினார்கள். 38 இனங்கள், 6,000-க்கும் மேற்பட்ட உருப்படிகள். பழக்கத் தெரியாதவர்கள் என்று அவர்களைச் சொல்ல முடியாது. அவர்களே 1961-ல் தங்கள் தோல்விகளை ஒரு கட்டுரையாக எழுதினார்கள்.

காசை எடுத்துப் பெட்டியில் போட ஒரு ரக்கூனை (வட அமெரிக்கக் காட்டு விலங்கு) பழக்கினார்கள். ஒரு காசு என்றால் கொஞ்சம் தயங்கிப் போட்டுவிடும். இரண்டு காசு போட்டால்தான் தீனி என்றதும் வந்தது வினை. இரண்டையும் ஒன்றோடொன்று தேய்க்கும், பெட்டிக்குள் முக்கும், வெளியே எடுக்கும், மறுபடி தேய்க்கும். இரையைக் கழுவித் தின்பதுபோல ஒரு பாவனை. அதனால் அதற்குத் தீனி தாமதமானதுதான் மிச்சம்.

பன்றியின் கதை உங்களுக்கு இன்னும் பொருந்தும். மரக்காசுகளைக் கவ்விக்கொண்டு போய் உண்டியலில் போடுவது அதன் வேலை. ஆரம்பத்தில் ஓடி ஓடிச் செய்தது. சில வாரங்கள் போனபின் காசை வழியிலேயே கீழே போட்டு மூக்கால் கிளறத் தொடங்கியது. தூக்கி எறியும், மறுபடி கிளறும். நாலு காசை ஆறடி தூரம் கொண்டுபோக ஒரு பன்றிக்குப் பத்து நிமிடம் ஆனதாம். பசி போதவில்லை என்று இவர்களும் உங்களைப் போலவே நினைத்து, நன்றாகப் பட்டினி போட்டுப் பார்த்தார்கள். கிளறல் கூடியதே தவிர குறையவில்லை. தீனி என்றாலே மண்ணைக் கிளறுவது அதன் பிறவிக் குணம். பசி ஏற ஏற அந்தக் குணம்தான் முன்னே வந்தது. தீனி கிடைப்பதையே கெடுக்கும் ஒரு செயல் இப்படி வலுப்பது, ஸ்கின்னரின் கணக்கில் வரவே கூடாத விஷயம்.

உங்கள் மகன் படிக்க மறுக்கும் நேரத்தில் என்னதான் செய்கிறான்? நீங்கள் அதை ஒரு வரிகூட எழுதவில்லை. அடுத்த கடிதத்தில் எழுதுங்கள். பரிசைக் கூட்டுவது பற்றி அப்புறம் பேசலாம்.