பேலியோ, கீட்டோ கேள்விகளுக்கு பதில்: சுகர் மாத்திரை போடுறவங்க கண்டிப்பா படிங்க

பேலியோ பத்தி நிறைய பேர் கேட்டிருந்தீங்க, ஒண்ணொண்ணா பதில் போடுறேன். பேலியோன்னா அரிசி, கோதுமை, சர்க்கரையை நிறுத்திட்டு கறி, முட்டை, நெய், பாதாம், காய்னு சாப்பிடறது. கீட்டோன்னா மாவுச்சத்தை இன்னும் ரொம்ப குறைச்சு கொழுப்பை கூட்டி சாப்பிடறது.

கேள்வி: அக்கா, சோறு நிறுத்தி பத்து நாள்ல மூணு கிலோ குறைஞ்சிடுச்சு. அவ்வளவும் கொழுப்பா?

இல்லம்மா, பெரும்பகுதி தண்ணி. ஈரல்லயும் தசையிலயும் கிளைகோஜன்னு சர்க்கரை சேமிப்பு இருக்கும், அதுல ஒவ்வொரு கிராமும் சுமார் மூணு கிராம் தண்ணியை பிடிச்சு வச்சிருக்கும். சோத்தை நிறுத்தினதும் அது கரைஞ்சு தண்ணி யூரின்ல போயிடுது, கூடவே உப்பும் போகுது. முதல் வாரம் தலைவலி, கிறுகிறுப்பு, கெண்டைக்கால் இழுக்கறது எல்லாம் இதனாலதான். மோர்ல உப்பு போட்டு குடிங்க, ஆனா பிபி, கிட்னி பிரச்சனை இருந்தா டாக்டரை கேட்காம உப்பை கூட்டாதீங்க.

கேள்வி: அப்பாவுக்கு 61 வயசு. கிளிமிபிரைடு, மெட்பார்மின், டபாகிளிஃப்ளோசின்னு மூணு சுகர் மாத்திரை எடுக்கறார், பிபிக்கும் மாத்திரை உண்டு. நாளையில இருந்து பேலியோ ஆரம்பிக்கிறோம். இது வெறும் சாப்பாடுதானே, என்ன ஆகிடப் போகுது?

தம்பி, நாளைக்கு ஆரம்பிக்காதீங்க. இந்த டயட் மருந்து மாதிரி வேலை செய்யும், கீட்டோவே 1921ல அமெரிக்காவுல மேயோ கிளினிக்ல வலிப்பு நோய்க்கு வைத்தியமாத்தான் ஆரம்பிச்சாங்க. அப்பா ஒரு வேளைக்கு 300 கிராம் சோறு சாப்பிடறார்னு வைங்க, அதுலயே 80 கிராமுக்கு மேல மாவுச்சத்து, கிளிமிபிரைடு டோஸை அந்த சாப்பாட்டுக்கு தகுந்த மாதிரிதான் டாக்டர் எழுதியிருப்பார், இப்போ சோத்தை மட்டும் எடுத்துட்டு மாத்திரையை அப்படியே போட்டா லோ சுகர் வந்து ராத்திரி வேர்த்துக் கொட்டி மயங்கிடலாம். இன்சுலின் போடுறவங்களுக்கும் இதே கதைதான். மெட்பார்மின் மட்டும் எடுத்தா லோ ஆகறது அபூர்வம்.

டபாகிளிஃப்ளோசின் இன்னும் கவலையான விஷயம். அது சர்க்கரையை யூரின் வழியா வெளிய தள்ளும், சாப்பாட்டுலயும் மாவுச்சத்து வரலைன்னா உடம்பு கொழுப்பை எரிச்சு கீட்டோன்ங்கற அமிலப் பொருளை அளவுக்கு மீறி உண்டாக்கி ரத்தம் அமிலமாகிடலாம், உயிருக்கே ஆபத்து. அப்பவும் சுகர் மீட்டர்ல 180, 200னு ரொம்ப ஏறாமதான் காட்டும், வாந்தி, வயித்துவலி, மூச்சு வாங்கறதை பார்த்துட்டு கேஸ்ட்ரிக்னு நினைச்சு வீட்டுலயே இருந்துடுவாங்க. எம்பாகிளிஃப்ளோசினும் இதே வகைதான். டாக்டர்கிட்ட "நான் அரிசி, கோதுமை ரெண்டையும் நிறுத்தப் போறேன், மாத்திரையை மாத்தி எழுதுங்க"ன்னு நேரா சொல்லணும். பிபியும் இறங்கும், அந்த மாத்திரையையும் காட்டுங்க. மாத்திரையை நீங்களா நிறுத்தறதும் தப்பு.

கேள்வி: ஆறு மாசம் பேலியோ. டிரைகிளிசரைடு (ரத்தத்துல இருக்கற ஒரு வகை கொழுப்பு) நல்லா குறைஞ்சது, ஆனா எல்டிஎல் (கெட்ட கொலஸ்ட்ரால்) 128ல இருந்து 214 ஆயிடுச்சு. எல்டிஎல்லை கண்டுக்காதேன்னு சொல்றாங்களே?

அந்த பேச்சை கேட்காதீங்க, இதுல நான் ரொம்ப பிடிவாதமா இருப்பேன். டிரைகிளிசரைடு குறையறதும் எச்டிஎல்ங்கற நல்ல கொலஸ்ட்ரால் ஏறறதும் நிஜமான நன்மைதான், அதுக்காக 214 சரியாகிடாது. 190ஐ தாண்டினாலே டாக்டர்கள் சிகிச்சை பேசற அளவு. தைராய்டு ஒரு தடவை பாருங்க. நெய், வெண்ணெய், தேங்காயெண்ணெயை குறைச்சு நல்லெண்ணெய், கடலை எண்ணெய், மத்தி மீன் பக்கம் வாங்க, ஒல்லியான ஆளா இருந்தா கொஞ்சம் பயறு, பழம்னு மாவுச்சத்தை திரும்ப சேர்த்தாலே பலருக்கு இறங்குது. மூணு மாசத்துல மறுபடி டெஸ்ட், அப்பவும் இறங்கலைன்னா மாத்திரைக்கு பயப்படாதீங்க.

கேள்வி: தினம் 100 பாதாம் சாப்பிடறேன். சரியா?

கிட்டத்தட்ட 700 கலோரி அது. கிட்னில கல்லாகற ஆக்சலேட்டும் அதுல ஜாஸ்தி, கிட்னி ஸ்டோன் வந்தவங்களுக்கு வேண்டவே வேண்டாம். மத்தவங்களும் ஒரு கைப்பிடியோட நிறுத்திட்டு முட்டை சாப்பிடுங்க.

கேள்வி: எடை குறைய லோ கார்ப், அதாவது மாவுச்சத்து குறைச்ச சாப்பாடுதான் பெஸ்டா?

அமெரிக்காவுல ஸ்டான்ஃபோர்டு யுனிவர்சிட்டில 609 பேரை வச்சு ஒரு வருஷம் பார்த்து, 2018ல முடிவை வெளியிட்டாங்க. சாப்பாட்டுல கொழுப்பை குறைச்சவங்க சராசரியா 5.3 கிலோ, மாவுச்சத்தை குறைச்சவங்க 6 கிலோ குறைஞ்சாங்க, சொல்லிக்கற வித்தியாசம் இல்லை. எது உங்களால விடாம சாப்பிட முடியுமோ அது. சுகர் இருக்கறவங்களுக்கு மட்டும் மாவுச்சத்தை குறைக்கறதுல கூடுதல் பலன் உண்டு, சாப்பிட்டதும் ஏறற சுகர் உடனே அடங்கும்.

கேள்வி: குழந்தைக்கு ஏழு மாசம், தாய்ப்பால் கொடுக்கறேன். கீட்டோ இருக்கலாமா?

வேண்டாம்டா. பால் கொடுக்கறப்போ உடம்புக்கு தேவை அதிகம், மாவுச்சத்தை சுத்தமா நிறுத்தினா பால் கொடுக்கற அம்மாக்களுக்கும் மேல சொன்ன ரத்தம் அமிலமாகற பிரச்சனை வந்திருக்கு. இனிப்பு, மைதாவை மட்டும் விடுங்க, சோறு அளவா சாப்பிடுங்க.

கேள்வி: நாங்க சைவம், முட்டை கூட கிடையாது. என்ன பண்றது?

கீட்டோ அளவுக்கு போக வேண்டாம். சோறு ஒரு கப், கூட்டு பொரியல் ரெண்டு கப், பனீர் இல்லைன்னா சுண்டல், தயிர். இட்லி நாலுங்கறதை ரெண்டாக்கி சாம்பாரை கெட்டியா பருப்போட வைங்க. மூணு மாசம் இப்படி சாப்பிட்டுட்டு எச்பிஏ1சி (மூணு மாச சராசரி சுகரை காட்டற டெஸ்ட்) எடுத்து இங்க போடுங்க, அதை பார்த்து இன்னும் குறைக்கணுமான்னு சொல்றேன்.