காசிரங்கா, மாஜுலி: ஏழு நாளை எப்படிப் பிரிப்பது?

கேள்வி: அரையாண்டு விடுமுறைக்கு, டிசம்பர் கடைசியில் ஏழு நாள் அசாம் போகிறோம். காசிரங்கா, மாஜுலி இரண்டும் பார்க்க வேண்டும். முடிந்தால் ஷில்லாங், தவாங். எழுபதைத் தாண்டிய அப்பா அம்மாவும் நான்காம் வகுப்பு படிக்கும் மகளும் உடன் வருகிறார்கள். எப்படித் திட்டமிடலாம்? – கோவை வாசகி

முதலில் தவாங்கையும் ஷில்லாங்கையும் எடுத்துவிடுங்கள். தவாங் சுமார் பத்தாயிரம் அடி உயரத்தில் இருக்கிறது. டிசம்பர் குளிரில் அந்த மலைப்பாதை பெரியவர்களுக்கு வேண்டாம். அருணாச்சலத்துக்குத் தனி அனுமதிச் சீட்டும் எடுக்க வேண்டும். அசாமுக்கு அது தேவையில்லை. ஏழு நாளையும் பிரம்மபுத்திரா கரைக்கே கொடுங்கள்.

இங்கே எல்லாவற்றையும் தீர்மானிப்பது ஆறுதான். மழைக்காலத்தில் வெள்ளம் காசிரங்கா தேசியப் பூங்காவுக்குள் புகுந்து, 'பீல்' எனப்படும் ஏரிகளை நிரப்பி, வண்டலைப் பரப்பிவிட்டுப் போகிறது. காண்டாமிருகம் மேயும் புல்வெளி அதனால்தான் செழிக்கிறது. 2022 கணக்கெடுப்பில் 2,613 காண்டாமிருகங்கள் இருந்தன. வெள்ளக்காலம் முழுவதும் பூங்கா மூடியிருக்கும். அக்டோபர் வாக்கில் திறப்பார்கள்.

டிசம்பரில் ஒரு சிக்கல் உண்டு. புல் ஆள் உயரத்துக்கு மேல் நிற்கும். ஜனவரிக்குப் பிறகு அதைப் பகுதி பகுதியாக எரிப்பார்கள், அப்புறம்தான் பார்வை நன்றாகத் திறக்கும். பள்ளி விடுமுறை பிரச்சினை இல்லையென்றால் பிப்ரவரியைத்தான் சொல்லியிருப்பேன். பரவாயில்லை, டிசம்பரிலும் காண்டாமிருகம் கண்ணில் படும். வலசைப் பறவைகளும் வந்திருக்கும். காலையில் மூடுபனி இருக்கும் என்பதால் பறவைகளுக்குப் பேர்போன கிழக்குச் சரகம் அகரதோலியைக் காலையிலும், காண்டாமிருகத்தை எளிதாகப் பார்க்கக்கூடிய மேற்குச் சரகம் பாகோரியைப் பிற்பகலிலும் வையுங்கள். இரண்டுக்கும் நடுவிலிருக்கும் கோஹோராவில் தங்குவது வசதி. யானைச் சவாரி வேண்டாம், ஜீப்பே போதும். விடியற்குளிரில் யானை மேல் ஏறி இறங்குவது உங்கள் பெற்றோருக்குச் சிரமம்.

இன்னொன்று, அங்கே டிசம்பரில் நாலரை மணிக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும். நம்மூர் நேரக் கணக்கில் மாலை வேலை எதையும் வைக்காதீர்கள்.

பிரம்மபுத்திராவின் நடுவிலிருக்கும் தீவான மாஜுலிக்குக் காலையில் போய் மாலையில் திரும்பும் திட்டத்தை யாராவது கொடுத்தால் மறுத்துவிடுங்கள். குறைந்தது இரண்டு இரவு வேண்டும். 15, 16ஆம் நூற்றாண்டுகளில் வாழ்ந்த சங்கரதேவர் தொடங்கிய வைணவ இயக்கத்தின் மடங்களான சத்ராக்கள்தான் இந்தத் தீவின் உயிர். 2000இல் செவ்வியல் நடனமாக அங்கீகாரம் பெற்ற சத்ரியா இந்த மடங்களில் வளர்ந்ததுதான். சாமகுரி சத்ராவில் மூங்கில் சட்டத்தின் மேல் துணியும் களிமண்ணும் சாணமும் பூசி முகமூடி செய்கிறார்கள். பாவனா நாடகத்தில் ராவணனும் பூதனையும் வருவது அந்த முகமூடிகளோடுதான். மகளுக்கு அங்கே அரை நாள் விடுங்கள், அவசரப்படுத்த வேண்டாம். மாலையில் ஏதாவது ஒரு சத்ராவின் நாம்கர் எனப்படும் பிரார்த்தனைக் கூடத்தில் உட்காருங்கள். செருப்பைக் கழற்றிவிட்டுப் போங்கள், படமெடுக்கும் முன் கேளுங்கள். மிசிங் பழங்குடி மக்களின் தூண் வீடுகளையும், சக்கரம் இல்லாமலே பானை வனையும் சால்மோரா கிராமத்தையும் மறுநாள் பார்க்கலாம்.

சரி, நாள் கணக்கு. முதல் நாள் குவாஹாட்டி. இரண்டாம் நாள் சாலை வழியாகக் காசிரங்கா. ஐந்து மணி நேரம் ஒதுக்குங்கள். மூன்றாம் நாள் இரண்டு சஃபாரி. நான்காம் நாள் காலை கிளம்பி, ஜோர்ஹாட்டை அடுத்த நிமாதி காட் படகுத்துறைக்குப் போய், நண்பகல் வாக்கில் மாஜுலியின் கமலாபாரிக்குப் படகு ஏறுங்கள். பயணம் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடக்குறைய இருக்கும். கடைசிப் படகை நம்ப வேண்டாம், அது மாலைக்கு முன்பே போய்விடும். குளிர்காலத்தில் ஆறு வற்றி மணல் திட்டு நீளும். படகுக்கு மணலில் நடந்து பலகை மேல் ஏற வேண்டிவரும். அப்பா அம்மாவுக்குக் கைத்தாங்கலுக்கு ஒருவர் கூடவே இருக்கட்டும். 2021இல் இதே துறை அருகே படகுகள் மோதி விபத்து நடந்தது. எல்லோரும் உயிர்காப்புக் கவசம் போட்ட பிறகே படகு கிளம்பட்டும்.

ஐந்தாம் நாள் முழுவதும் மாஜுலிக்கே. ஆறாம் நாள் மதியத்துக்குள் ஜோர்ஹாட் திரும்பி அங்கேயே தங்குங்கள். மூடுபனியில் படகு நின்றுபோவதுண்டு. அதனால் தீவிலிருந்து கிளம்பும் நாளிலேயே விமானம் வைக்காதீர்கள். ஏழாம் நாள் ஜோர்ஹாட்டிலிருந்து மதியத்துக்கு மேல் விமானம் கிடைத்தால், காலையில் மரியானி அருகிலுள்ள ஹோலோங்காபார் சரணாலயத்துக்குப் போகலாம். இந்தியாவின் வாலில்லாக் குரங்கினமான ஹூலாக் கிப்பன் அங்கே இருக்கிறது. அதன் கூவலைக் கேட்கக் காலை நேரம்தான் சரி.