பிள்ளைக்கு தலையில ஸ்கேன்: இந்த வாரம் வந்த கேள்விகள்

மணவாளக்குறிச்சி அப்பா ஒருத்தர்: எங்க கடற்கரை மண்ணுலயே கதிர்வீச்சு இருக்குன்னு சொல்லுகாங்க, இதுல மகளுக்கு சிடி வேற எடுக்கணுமா?

உங்க பயம் நியாயம்தான். மோனசைட் மணல்ல தோரியம் இருக்கு, அதனால அந்தக் கரையில இயற்கைக் கதிர்வீச்சு கூடுதல். ஆனா அதுக்காக சிடி (எக்ஸ்ரே வச்சு எடுக்கிற ஸ்கேன்) வேண்டாம்னு நிக்காதீங்க. தலைக்கு ஒரு சிடி சுமார் 2 மில்லிசீவெர்ட் (உடம்பு வாங்குற கதிர்வீச்சை அளக்கிற அளவு), உலக சராசரியில ஒரு ஆளுக்கு இயற்கையா வருஷத்துக்குக் கிடைக்கிறதே 2.4. பிள்ளை மயங்குது, வாந்தி நிக்கலன்னா சிடிதான் முதல்ல, ரத்தக்கசிவா, மூளையில நீர் கோர்த்திருக்கான்னு சில நிமிஷத்துல தெரிஞ்சிரும். அவசரம் இல்லன்னா எம்ஆர்ஐ (காந்தம் வச்சு எடுக்கிற ஸ்கேன்) எடுக்கலாமான்னு டாக்டர்ட்ட கேளுங்க, அதுல கதிர்வீச்சே கிடையாது.

குலசேகரம் அம்மா: சிடி நார்மல்னாங்க, ஆனா பையன் காலையில எழும்புனதும் தலைவலின்னு வாந்தி எடுக்கான், நடையும் தள்ளாடுது.

அம்மா, தயவுசெஞ்சு காத்திருக்காதீங்க. பிள்ளைங்களுக்கு கட்டி நிறைய வர்ற இடம் பின்மண்டைக்குள்ள சிறுமூளைப் பக்கம், அங்க எலும்பு தடிமன், சிடியில கோடு கோடா விழுந்து சின்னக் கட்டியை மறைச்சிரும், மூளைத்தண்டுல இருந்தா இன்னும் கஷ்டம். இன்னைக்கே ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜுக்கு கூட்டிட்டுப் போங்க, பழைய ஃபிலிமையும் எடுத்துக்கோங்க, நடை தள்ளாடுறதை முதல் வார்த்தையா சொல்லுங்க.

தக்கலையில இருந்து: சிறுமூளையில கட்டின்னு தெரிஞ்சாச்சு, இப்ப எதுக்கு முதுகுக்கும் எம்ஆர்ஐ? காசுக்கா?

இல்லங்க, அவசியம்தான். மெடுல்லோபிளாஸ்டோமா (சிறுமூளையில வர்ற ஒரு புற்றுநோய்க் கட்டி) மாதிரி கட்டிங்க மூளை நீர் வழியா தண்டுவடத்துக்கு இறங்கும், அது இறங்கியிருக்கா இல்லையாங்கிறதை வச்சுத்தான் சிகிச்சையே மாறும். ஆபரேஷனுக்கு முன்னாடியே எடுத்துட்டா நல்லது, பின்னாடின்னா கீழ இறங்குன ரத்தம் கட்டி மாதிரியே தெரிஞ்சு குழப்பும். ஆபரேஷன் முடிஞ்சு 72 மணி நேரத்துக்குள்ள தலைக்கு மறுபடி எடுப்பாங்க, மிச்சம் இருக்கான்னு பாக்க, அதையும் வேண்டாம்னு சொல்லிராதீங்க.

மார்த்தாண்டம்: புருவ ஓரத்துல பிறந்ததுல இருந்தே பட்டாணி அளவு உருண்டை.

பெரும்பாலும் டெர்மாய்டு, அதாவது பிறவியிலேயே தோலுக்கடியில வர்ற கட்டி, புற்றுநோய் இல்ல. முதல்ல அல்ட்ராசவுண்ட் போதும். வேகமா வளந்தா, வலிச்சா, கீழ எலும்பு குழிஞ்ச மாதிரி இருந்தா சிடி. எண்ணெய் போட்டு அமுக்குறதை மட்டும் நிறுத்துங்க.

கொளச்சல்: 3 வயசு மோளுக்கு எம்ஆர்ஐக்கு மயக்கம் குடுக்கணுமாம், பயமா இருக்கு.

அசைஞ்சா படம் கலங்கிரும், அதான். சாப்பாடு, பால் 6 மணி நேரம் முன்னாடி நிப்பாட்டணும், தாய்ப்பால்னா 4, வெறும் தண்ணி 2. பாவம் பசிக்கேன்னு ஒரு வாய் ஊட்டிட்டு சொல்லாம விடாதீங்க, மயக்கத்துல அது நுரையீரலுக்குள்ள போயிரும். அரைஞாண், கொலுசு, தாயத்து, ஹேர்பின் எல்லாம் வீட்லயே கழட்டிருங்க.